காப்புரிமைத் தரவைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் புதிய அறிவை அளத்தல்: தொடக்கநிலை விளக்கம்

ஒரு தொழில் நிறுவனம் சென்ற ஆண்டு எவ்வளவு விற்றது, எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தது, எவ்வளவு கடன் வாங்கியது என்பதையெல்லாம் அதன் ஆண்டறிக்கையைப் புரட்டினால் தெரிந்துகொள்ளலாம். அந்த ஆண்டில் அது புதிதாக எதைக் கற்றுக்கொண்டது, இதுவரை யாராலும் செய்ய முடியாதிருந்த எதைச் செய்யப் பழகியது என்ற கேள்விக்கு மட்டும் அதில் நேரடியான விடை இருப்பதில்லை. ஆராய்ச்சிக்குச் செலவிட்ட தொகை என்று ஒரு வரி இருக்கலாம். அது போட்ட முதலைச் சொல்லும், கிடைத்த பலனைச் சொல்லாது.

பொருளியலாளர்களும் மேலாண்மைத் துறை ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியோடு காப்புரிமை ஆவணங்களிடம் போவதற்குக் காரணம் உண்டு. காப்புரிமை கேட்பவர் தம் கண்டுபிடிப்பை, அத்துறையில் தேர்ந்த ஒருவர் படித்துத் தாமே செய்து பார்க்கும் அளவுக்கு, எழுத்தில் விளக்கியாக வேண்டும். அதற்கு ஈடாகவே அரசு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அவர் அனுமதியின்றி மற்றவர் அதைப் பயன்படுத்த முடியாது என்ற உரிமையை வழங்குகிறது. பொதுவாக 18 மாதங்களில் விண்ணப்பம் பொதுப் பார்வைக்கு வந்துவிடும். புதுமை இருக்கிறதா, துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடாத முன்னேற்றம் இருக்கிறதா, தொழிலில் பயன்படுமா என்ற மூன்றையும் அலுவலகத்தின் பரிசோதகர் ஒருவர் பார்த்த பிறகே உரிமை கிடைக்கிறது. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பெருமையாக இல்லாமல், வெளியாள் ஒருவர் சரிபார்த்த, தேதியிட்ட, பல்லாண்டுகளுக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கிற பதிவு இது என்பதால்தான் அளவிட விரும்புவோருக்கு இது இவ்வளவு பிடித்துப்போகிறது.

ஆவணத்தில் என்னதான் இருக்கும் என்பதை நமக்குப் பக்கத்திலுள்ள ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், தூக்கியெறியப்படும் பிளாஸ்டிக்கைச் சாலை போடப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே அந்த முறையில் ஒரு சாலை போடப்பட்டது. 2006-இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. முறையின் உயிர்நாடி அதன் வரிசையில் இருக்கிறது. பிளாஸ்டிக்கைத் தாரில் கலப்பதற்குப் பதிலாக, சாலைக்கான ஜல்லியை முதலில் சுமார் 160 முதல் 170 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, அதன்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுகிறார்கள். அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதன் பிறகே தார் சேர்கிறது. பூச்சுள்ள கல் தாரை நன்றாகப் பற்றிக்கொள்வதோடு, தண்ணீரை உள்ளே விடாமலும் தடுக்கிறது.

இதில் ஜல்லி பழையது, தார் பழையது, பிளாஸ்டிக்கும் பழையது. புதியது அவற்றைச் சேர்த்த விதம். புதிய அறிவு பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பவற்றின் புதிய சேர்க்கையாகவே பிறக்கிறது என்று பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வலியுறுத்தினார். காப்புரிமைத் தரவை வைத்து நடக்கும் இன்றைய ஆய்வுகளில் பெரும்பகுதி அந்தக் கருத்தை எண்ணாக மாற்றும் முயற்சிதான். அதற்குக் கைகொடுப்பது பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாடு. 1971-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி நடைமுறைக்கு வந்த இந்த வகைப்பாட்டில் ஏ முதல் எச் வரை எட்டுப் பெரும்பிரிவுகளும், அவற்றுக்குள் பல்லாயிரக்கணக்கான உட்பிரிவுகளும் உள்ளன. சாலை அமைத்தலுக்கு ஓர் இடம், தார்க் கலவைகளுக்கு வேறோர் இடம், திடக்கழிவை அகற்றுதலுக்கு இன்னோர் இடம். ஒரு கண்டுபிடிப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகள் தரப்படுவது வழக்கம். அந்த வகுப்புகள் அதற்கு முன் எந்த ஆவணத்திலும் ஒன்றாக வந்ததில்லை என்றால், அது இதுவரை இல்லாத சேர்க்கை என்று கொள்ள இடமுண்டு. லீ பிளெமிங் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில்தான் சென்றது. பழக்கமில்லாத சேர்க்கைகள் சராசரியில் குறைந்த பயனையே தருகின்றன என்றாலும், தோல்வியும் பெருவெற்றியும் அங்கேதான் மிகுதி என்பது அவர் கண்ட முடிவு.

எளிய அளவுகோல் எண்ணிக்கைதான்: இந்த நிறுவனம் இந்த ஆண்டில் எத்தனை காப்புரிமை பெற்றது? தொடங்குபவர்கள் இதைத்தான் முதலில் செய்வார்கள், முதல் தடுக்கலும் இங்கேதான் நேரும். இந்தியாவில் 2022-23 நிதியாண்டில் சுமார் 34 ஆயிரம் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. அடுத்த ஆண்டான 2023-24-இல் அது ஒரு லட்சத்து 3 ஆயிரத்தைத் தாண்டியது. நாட்டின் கண்டுபிடிப்புத் திறன் பன்னிரண்டே மாதங்களில் மும்மடங்கானதா? அதே காலத்தில் விண்ணப்பங்கள் சுமார் 83 ஆயிரத்திலிருந்து 92 ஆயிரமாக மட்டுமே உயர்ந்தன. மும்மடங்கானது கண்டுபிடிப்பு அன்று, தேங்கிக் கிடந்த கோப்புகளை அலுவலகம் தீர்த்துவைத்த வேகம். இதனால்தான் ஆய்வாளர்கள் உரிமை கிடைத்த ஆண்டை விட்டுவிட்டு, முதன்முதலில் விண்ணப்பித்த நாளைக் கணக்கில் எடுக்கிறார்கள். அறிவு உருவான காலத்துக்கு அந்த நாளே நெருக்கமானது.

விண்ணப்பங்களை மட்டும் எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. இந்தியாவில் விண்ணப்பம் வெளியாவது தானாக நடக்கும். பரிசோதனையோ, அதற்கெனத் தனியாகக் கோரிக்கையும் கட்டணமும் செலுத்தினால்தான் நடக்கும். வெளியானதோடு நின்றுபோகும் விண்ணப்பங்கள் எத்தனையோ. 2021-இல் விதிகளைத் திருத்திக் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 விழுக்காடு குறைத்தார்கள். கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும்போதும் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்தால் எண்ணிக்கை கூடுவதற்கு ஆய்வகத்தில் எதுவும் புதிதாக நடக்க வேண்டியதில்லை. ஆகவே கல்லூரிகளின் விண்ணப்பங்களையும் தொழில் நிறுவனங்களின் விண்ணப்பங்களையும் ஒரே வரைபடத்தில் ஒரே கோடாக இழுப்பதை நான் ஏற்பதில்லை. இரண்டின் பின்னாலும் இருக்கும் தூண்டுதல் வேறு.

பெயர்களின் குழப்பம் வேறு இருக்கிறது. 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழிலிலிருந்து கிளைத்த நிறுவனங்கள் பல. அவற்றுள் பலவற்றின் பெயரில் டி.வி.எஸ். என்ற எழுத்துகள் உள்ளன, சிலவற்றில் சுந்தரம் என்ற பெயர் உள்ளது, சிலவற்றில் இரண்டும் இல்லை. கணினியிடம் டி.வி.எஸ். என்று கொடுத்துத் தேடினால் ஓசூரின் இருசக்கர வாகன நிறுவனமும் மதுரையின் டயர் நிறுவனமும் ஒரே மூட்டையில் வந்து விழும். தலைமை அலுவலக முகவரியை வைத்து ஊரைக் கணிப்பதும் ஏமாற்றும். எந்த ஊரில் அறிவு உருவானது என்று தெரிய வேண்டுமானால், விண்ணப்பதாரரின் முகவரியை விடுத்துக் கண்டுபிடிப்பாளர்களின் முகவரியைப் பார்க்க வேண்டும். ஒரே கண்டுபிடிப்பு ஐந்து நாடுகளில் பதிவானால் ஐந்து ஆவணங்கள் இருக்கும்; அவற்றை ஒரே குடும்பமாகக் கட்டி ஒன்றென எண்ண வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இந்தத் துறையில் ஓர் ஆய்வு நிற்பதும் சரிவதும் பெரும்பாலும் இந்தத் துப்புரவு வேலையில்தான்.

எண்ணிக்கையைச் செம்மையாக்கிய பிறகும் அடிப்படைக் குறை ஒன்று மிஞ்சுகிறது. ஒரு தொழிலையே புரட்டிப்போட்ட கண்டுபிடிப்பும், மூடியின் விளிம்பைச் சற்று வளைத்த கண்டுபிடிப்பும் எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்று சமம். பொருளியலாளர் ஸ்வி கிரிலிக்கஸ் 1990-இல் இந்தத் துறையை முழுமையாக அலசியபோது இதை மிகத் தெளிவாகச் சொன்னார்: எல்லாக் கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை பெற முடியாது, முடிந்தவற்றுக்கும் எல்லாரும் பெறுவதில்லை, பெற்றவையும் தரத்தில் வெகுவாக வேறுபடும்.

இந்தத் தர வேறுபாட்டைப் பிடிக்க உதவுபவை மேற்கோள்கள். ஒவ்வொரு காப்புரிமையும் தனக்கு முன்னே இருந்த எந்தெந்த ஆவணங்களோடு தொடர்புடையது என்பது பதிவாகிறது. நம் வட்டார வீடுகளில் மொய் நோட்டைப் பாதுகாப்பது போன்றது இது: எந்தக் குடும்பம் யாரிடம் எவ்வளவு பெற்றது என்று எழுதிவைத்த அந்த நோட்டைப் படித்தால், ஊரில் யாருக்கும் யாருக்கும் என்ன உறவு, யாருடைய கை எத்தனை வீடு வரை நீண்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதேபோல், ஒரு காப்புரிமை தான் சுட்டும் முந்தைய ஆவணங்களால் எங்கிருந்து அறிவைப் பெற்றது என்பதையும், தன்னைச் சுட்டும் பிந்தைய ஆவணங்களால் யாருக்கு அறிவைக் கொடுத்தது என்பதையும் காட்டுகிறது. மேனுவல் டிராஜ்டன்பர்க் 1990-இல் சி.டி. ஸ்கேன் கருவிகளின் காப்புரிமைகளை ஆராய்ந்து, வெறும் எண்ணிக்கை ஆராய்ச்சிச் செலவோடுதான் ஒத்துப்போகிறது, மேற்கோள்களால் எடையிட்ட எண்ணிக்கையோ அந்தக் கண்டுபிடிப்புகளால் சமூகம் அடைந்த பயனோடு ஒத்துப்போகிறது என்று காட்டினார். பின்னர் 2005-இல் ஹால், ஜாஃபி, டிராஜ்டன்பர்க் மூவரும் அமெரிக்க நிறுவனங்களின் பங்குச் சந்தை மதிப்பை ஆராய்ந்தபோது, காப்புரிமை ஒன்றுக்குச் சராசரியாக ஒரு மேற்கோள் கூடினால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 3 விழுக்காடு கூடியிருப்பதைக் கண்டார்கள்.

மேற்கோள்களின் பரவலையும் அளக்கலாம். ஒரு டயர் நிறுவனத்தின் காப்புரிமை பத்து முந்தைய ஆவணங்களைச் சுட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ரப்பர்க் கலவை வகுப்பிலும், மூன்று டயரின் அமைப்பு பற்றிய வகுப்பிலும், இரண்டு வார்ப்பு இயந்திர வகுப்பிலும் உள்ளன. பங்குகள் 0.5, 0.3, 0.2. ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கினால் 0.25, 0.09, 0.04, கூட்டினால் 0.38. இதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.62 கிடைக்கிறது. டிராஜ்டன்பர்க், ஹென்டர்சன், ஜாஃபி ஆகியோர் 1997-இல் அசல்தன்மை என்று பெயரிட்ட அளவு இதுதான். பத்தும் ரப்பர்க் கலவையிலேயே இருந்திருந்தால் விடை சுழியம்: ஒரே கிணற்றில் நீர் இறைத்த கண்டுபிடிப்பு. பல துறைகளிலிருந்து எடுத்திருந்தால் விடை ஒன்றை நெருங்கும். பின்னால் வந்து இதைச் சுட்டிய ஆவணங்களுக்கும் இதே கணக்கைப் போட்டால், இந்த அறிவு எத்தனை துறைகளுக்குப் பயன்பட்டது என்ற பொதுத்தன்மை அளவு கிடைக்கும்.

மொய் நோட்டு ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது, அதை அறிந்துகொள்வது முக்கியம். மேற்கோள்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர் எழுதுவதில்லை, பரிசோதகரும் சேர்க்கிறார். அல்காசர், கிட்டல்மன் இருவரும் 2006-இல் அமெரிக்கத் தரவை ஆராய்ந்தபோது, ஒரு சராசரிக் காப்புரிமையின் மேற்கோள்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பரிசோதகர் சேர்த்தவை என்று தெரியவந்தது. பரிசோதகர் சேர்த்த ஆவணத்தைக் கண்டுபிடித்தவர் படித்தே இருக்க மாட்டார். அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போன தடம் என்று அதைக் கொள்ள முடியாது. இரண்டும் ஒரே நிலத்தில் நிற்கின்றன என்று மட்டும் கொள்ளலாம். காலமும் கவனிக்க வேண்டியது: 2005-ஆம் ஆண்டின் ஆவணத்துக்கு மேற்கோள் சேர இருபது ஆண்டுகள் கிடைத்தன, சென்ற ஆண்டின் ஆவணத்துக்குக் கிடைக்கவில்லை. ஆகவே எந்தக் காப்புரிமையையும் அதே ஆண்டின், அதே வகுப்பின் மற்றவற்றோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். இந்திய ஆவணங்களில் இன்னொரு தடை: மேற்கோள்கள் பெரும்பாலும் பரிசோதகரின் முதல் அறிக்கைக்குள் இருப்பதால், அமெரிக்கத் தரவைப் போல எளிதில் திரட்ட முடிவதில்லை.

நிறுவனம் எவ்வகை அறிவை உருவாக்குகிறது என்பது அடுத்த கேள்வி. ஜேம்ஸ் மார்ச் 1991-இல் இரண்டு போக்குகளைப் பிரித்துக் காட்டினார்: தெரிந்ததை மேலும் ஆழமாகத் தோண்டுதல், தெரியாத இடத்தில் துழாவுதல். காப்புரிமைத் தரவில் இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஒரு நிறுவனம் கடந்த ஐந்து ஆண்டுகளாக விண்ணப்பித்தே இராத வகுப்பில் இந்த ஆண்டு விண்ணப்பித்திருந்தால் அது புதிய இடத்தில் துழாவுகிறது. பழைய வகுப்புகளிலேயே, தான் முன்பு சுட்டிய ஆவணங்களையே திரும்பத் திரும்பச் சுட்டினால் ஆழத் தோண்டுகிறது. தொழிற்சாலை ரோபோ செய்யும் நிறுவனங்களை ஆராய்ந்த ரீட்டா கட்டிலாவும் கௌதம் அகுஜாவும் 2002-இல் கண்டது சிந்திக்கத் தக்கது: தெரிந்ததைத் தோண்டுவது ஓரளவு வரை புதிய பொருள்களைத் தந்தது, அந்த அளவைத் தாண்டியபோது பலன் குறையத் தொடங்கியது.

இதுவரை சொன்னவை காப்புரிமை ஆவணங்களுக்குள் இருப்பதை எப்படிப் படிப்பது என்பது. ஆவணத்துக்குள் வராமலே போவது எது என்பதை மதுரையில் இருந்துகொண்டு யோசிப்பவர் சற்று அழுத்தமாகவே கேட்க வேண்டும். 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 3-ஆம் பிரிவு, எவையெல்லாம் கண்டுபிடிப்பாகக் கருதப்படா என்று வரிசைப்படுத்துகிறது. 3(எச்) வேளாண்மை, தோட்டக்கலை முறைகளை விலக்குகிறது; 3(ஐ) மனிதருக்கான மருத்துவ, அறுவை சிகிச்சை முறைகளை விலக்குகிறது; 3(பி), அதாவது ஆங்கில எழுத்து p, மரபறிவை விலக்குகிறது. மல்லிகைச் செடியை எப்போது கவாத்து செய்தால் எந்த மாதத்தில் மொட்டுக் கட்டும் என்ற அறிவு, கண்புரையை எப்படிக் கீறி எடுத்தால் தையலின்றிக் காயம் ஆறும் என்ற அறிவு, சித்த மருந்தின் பக்குவம் ஆகிய மூன்றும் இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. மதுரை மல்லிக்கும் சுங்குடிச் சேலைக்கும் உள்ள புவிசார் குறியீடு வேறு வகை உரிமை. அது பெயரையும் ஊரையும் காக்கிறது, புதிய அறிவு எதையும் பதிவு செய்வதில்லை. மதுரை வட்டாரத்துக்குக் காப்புரிமை குறைவு என்று ஒருவர் அட்டவணை போட்டுக் காட்டினால், இந்த வட்டாரத்தில் அறிவு குறைவு என்று அதற்குப் பொருள் கொள்வதற்கு முன் 3-ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண் மருத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாக மனிதக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். அதற்குக் காப்புரிமை பெறவில்லை. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், புரையை அதிர்வால் பொடித்து உறிஞ்சும் கருவியை உருவாக்கினார். அதற்கு 1971-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இரண்டும் உலகெங்கும் பார்வை கொடுத்தவை. ஆனால் தரவுத்தளத்தில் கெல்மன் இருக்கிறார், பின்னால் வந்தவர்கள் அவரை மேற்கோள் காட்டுகிறார்கள். ரிட்லியின் முதல் லென்ஸ் அங்கே இல்லை. டாக்டர் கோ. வேங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பெரும் சாதனை, தரம் குறையாமல் மிகப் பெரும் எண்ணிக்கையில் அறுவை சிகிச்சை செய்யும் ஒழுங்கமைப்பு. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் ஆயத்தமாக வைப்பது, செவிலியருக்குத் தனிப் பயிற்சி கொடுத்து மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்துவது ஆகியவை அதன் கூறுகள். அங்கிருந்து பிறந்த ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டு லென்ஸின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே செய்து தருகிறது. இதில் எவ்வளவு புதிய அறிவு இருக்கிறது என்று யாருக்கும் ஐயம் வராது. அதன் பெரும்பகுதிக்குக் காப்புரிமையில் இடமே இல்லை.

சட்டம் விலக்காதவற்றிலும் நிறுவனங்கள் பலவற்றைத் தாமாகவே வெளியே சொல்வதில்லை. கோஹன், நெல்சன், வால்ஷ் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட அமெரிக்க உற்பத்தித் துறை ஆய்வில், தம் கண்டுபிடிப்பைக் காக்கக் காப்புரிமையைவிட இரகசியத்தையும் முந்திக்கொள்வதையுமே நிறுவனங்கள் பெரிதும் நம்பியது தெரிந்தது. உலையின் வெப்பநிலை, சாயத்தின் விகிதம் போன்ற செய்முறை அறிவை எழுதிக் கொடுத்தால் போட்டியாளருக்குத்தான் இலாபம். பெட்ரா மோசர் வரலாற்றுத் தரவை ஆராய்ந்து, 1851 லண்டன் பொருட்காட்சியில் பிரித்தானியர் வைத்த பொருள்களில் சுமார் 11 விழுக்காட்டுக்கே காப்புரிமை இருந்தது என்று கண்டார். துறைக்குத் துறை இந்தப் பழக்கம் மாறுவதால், மருந்து நிறுவனத்தையும் நெசவு ஆலையையும் காப்புரிமை எண்ணிக்கையால் ஒப்பிடுவது செல்லாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பதிவான எல்லாமே புதியதென்று சொல்லிவிட முடியாது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களைக் காட்டி வாதாடிய பிறகு 1997-இல் அது நீக்கப்பட்டது. பரிசோதகரின் மேசையில் இருந்த ஆவணங்களுக்கு அது புதிது, நம் அடுப்பங்கரைக்குப் புதிதல்ல.

தொடங்க விரும்புபவருக்குச் செலவு எதுவும் இல்லை. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளம், கூகுள் பேட்டன்ட்ஸ், தி லென்ஸ் ஆகிய மூன்றும் இலவசம். ஒரு நிறுவனத்தின் எல்லாப் பெயர் வடிவங்களையும் முதலில் பட்டியலிட்டு, விண்ணப்ப ஆண்டு, கண்டுபிடிப்பாளரின் ஊர், வகுப்பு, நிலை என்று ஓர் அட்டவணை ஆக்குங்கள். மதுரை, திண்டுக்கல், விருதுநகர் வட்டாரத்தின் நடுத்தர நிறுவனம் ஒன்றுக்குப் பெரும்பாலும் சில ஆவணங்களே தேறும். ஏழெட்டு ஆவணங்களுக்குச் சராசரியும் விழுக்காடும் போடுவதில் பொருளில்லை. அவை ஒவ்வொன்றின் உரிமைக் கோரல்களையும், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பதாரர் வரையறுக்கும் வாக்கியங்களையும், உட்கார்ந்து படித்துவிடுவதே நேர்மையான வழி. முதல் கோரலைப் படித்தாலே, அவர்கள் எதைப் புதிது என்று நினைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்தக் கண்டுபிடிப்பு உண்மையில் உற்பத்தியில் பயன்படுகிறதா என்று அறிய, 146-ஆம் பிரிவின் கீழ் உரிமையாளர் தரவேண்டிய படிவம் 27 என்ற அறிக்கை இருக்கிறது. இது இந்தியாவில் கிடைக்கும் ஓர் அரிய வசதி. கூடவே வடிவமைப்புப் பதிவேட்டையும் பாருங்கள். டயரின் மேல் வெட்டப்படும் கோலங்கள் போன்றவை பெரும்பாலும் காப்புரிமையில் வராமல் அங்கேதான் பதிவாகின்றன.